மாஸ்டரை மாற்றச் சொல்லி கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்

போன இதழில் மரம் நடுவோம் கட்டுரைக்குக் கீழே ஒட்டியிருந்த என் கவிதையை ஒருத்தரும் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. இந்தத் தடவை தமிழம்மாவிடம் கெஞ்சி ரெண்டு சார்ட் முழுசா எனக்கே வாங்கிவிட்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பச்சை ஸ்கெட்ச் பாதியில் காய்ந்துவிட்டது.

விஷயம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். நம்ம பள்ளிக்கூட கால்பந்து அணி போன வருடம் முதல் தடவையாகக் குறுவட்டத்தில் ஜெயித்து, மாவட்டப் போட்டிக்குத் தூத்துக்குடி தருவை மைதானம் வரைக்கும் போனது. மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தோம். டிரைவர் அண்ணாச்சிகூட இறங்கி வந்து கை கொடுத்தார்கள். இந்த வருடம் குறுவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே 4-0 தோல்வி. அதற்கு முன்னால் ஆடிய மூன்று பிரண்ட்லி மேட்சிலும் தோல்வி. உடனே பள்ளிக்கூடம் ரெண்டாகிவிட்டது. 'மாஸ்டரை மாத்தணும்' என்று ஒரு கூட்டம். 'மாஸ்டர் இருக்கணும்' என்று ஒரு கூட்டம். சைக்கிள் ஷெட்டில் இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள். ஒரே பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் நடுவில் பையை வைத்து வேலி போட்டிருக்கிறார்கள். யார் என்று எழுத மாட்டேன், கணக்கு சாருக்கே தெரியும்.

தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒரு மனு போனது. கோடு போட்ட தாளில் 13 கையெழுத்து. அதில் ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. ஏன் போட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்பவே சொன்னால் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

இது நம்ம பள்ளிக்கூடத்தில் மட்டும் நடக்கிற சண்டை இல்லை. சென்னையின் எஃப்.சி. அணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேர் நோட்டு அட்டையில் நீலக் கலரில் அந்தப் பெயரைத்தானே எழுதி வைத்திருக்கிறோம்? ஆனால் 2018-ல் இருந்து என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அப்போது நான் சின்னப் பையன். எனக்குச் சொன்னது எங்கள் பெரியப்பா மகன். அண்ணன் அப்போது சென்னையில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள் நான்கு பேர் ஒரே ரூம். சம்பளம் வந்தால் முதலில் நேரு ஸ்டேடியத்தில் டிக்கெட், அப்புறம்தான் வாடகை.

2018 மார்ச் 17. பெங்களூரில் இறுதிப் போட்டி. எதிரணி பெங்களூரு எஃப்.சி., அதுவும் அவர்கள் சொந்த ஊர் மைதானத்தில். ஆரம்பத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டி ஒரு கோல். முடிந்தது கதை என்று நினைத்தார்களாம். அப்புறம் மெயில்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில்காரர் கார்னரில் எகிறி முட்டி ரெண்டு கோல் போட்டார். மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. 3-2 என்று ஜெயித்துக் கோப்பை சென்னைக்கு வந்தது. 2015-க்கு அப்புறம் ரெண்டாவது கோப்பை. அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் கிரிகோரி, இங்கிலாந்துக்காரர். ஆஸ்டன் வில்லா அணியை 2000-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அன்றைக்கு ராத்திரி அண்ணன் ரூமில் அவர் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்தில் முருகன் படம். பெரியம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த சீசன் 2018-19. அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே ஆட்கள். 18 ஆட்டம் ஆடி ஜெயித்தது ரெண்டே ரெண்டு. 3 டிரா, 13 தோல்வி, 9 பாயிண்ட். பத்து அணியில் பத்தாவது இடம். முந்தின வருட சாம்பியன் கடைசி இடம்! ஜெயித்த ரெண்டில் ஒன்று, அந்த வருடம் சாம்பியன் ஆன அதே பெங்களூரு அணிக்கு எதிராக. இதைத்தான் நான் நம்பவே இல்லை. கூகுளில் தேடிப் பார்த்துத்தான் நம்பினேன்.

ரூமில் சண்டை ஆரம்பித்தது. அண்ணன் 'கிரிகோரி இருக்கட்டும்' கட்சி. ரூமில் மூத்தவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு சென்னைக்குப் போனவர், 'இன்னைக்கே அனுப்பணும்' கட்சி. அவர் சொன்னாராம், "ஏல, கோப்பை ஜெயிச்சாருங்கிறதுக்காக எத்தன வருசம்ல கும்பிடணும்?" அண்ணன் சொன்னார்களாம், "தனபால் கணேஷுக்கு முட்டியில அடி, சீசன் பூரா வெளிய இருக்கான். ஜெஜெ போன வருசம் 9 கோல் அடிச்சான், இந்த வருசம் ஒண்ணே ஒண்ணு. கோச்சா இறங்கி கோல் அடிக்கணும்?" அதற்கு அவர், "அப்போ அந்த 9 கோலுக்கு மட்டும் கோச்சுக்கு எதுக்குல மாலை போட்ட?"

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஜெயித்தால் பயிற்சியாளர் மூளை, தோற்றால் ஆட்டக்காரர் கால் என்று பேசுவது ஒரு பக்கத்துக்காரர்கள் செய்கிற தப்பு. ஜெயித்தால் ஆட்டக்காரர் கால், தோற்றால் பயிற்சியாளர் மூளை என்பது மறு பக்கத்துக்காரர்கள் செய்கிற தப்பு. நம்ம சைக்கிள் ஷெட்டில் ரெண்டும் கேட்டிருக்கிறேன்.

கிளப் கிரிகோரியை அனுப்பவில்லை. சீசன் முடிந்ததும் அணி சூப்பர் கப்பில் இறுதிப் போட்டி வரை போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றது. "பாத்தியா, திரும்பி வர்றாரு" என்று அண்ணன் சொல்லி, ரூமில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்களாம். புது சீசனுக்கு நெரியுஸ் வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ என்று புது ஆட்கள் வந்தார்கள். 2019 அக்டோபரில் லீக் தொடங்கியது. முதல் ஆட்டம் கோவாவிடம் 3-0 தோல்வி. அடுத்தது மும்பையுடன் 0-0. அடுத்தது கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-0 தோல்வி. அடுத்தது பெங்களூரிடம் 3-0 தோல்வி. நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில்தான் ஹைதராபாத்தை 2-1 என்று ஜெயித்தார்கள். அதுவும் 90 நிமிடம் தாண்டி, கூடுதல் நேரத்தில் வால்ஸ்கிஸ் போட்ட கோலில். பிறகு ஒடிசாவுடன் 2-2 டிரா. அதோடு நவம்பர் கடைசியில் கிரிகோரி விலகிவிட்டார். 6 ஆட்டம், 5 பாயிண்ட்.

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பர்ன்லி என்ற சின்ன கிளப்பை 2009-ல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். இப்போது கணக்கைப் பாருங்கள். லீக் முடியும்போது சென்னையின் நான்காவது இடம், 29 பாயிண்ட். அதில் கிரிகோரி காலத்து 5 போனால் 24. அதாவது அதே ஆட்களை வைத்து, மீதி 12 ஆட்டத்தில் 24 பாயிண்ட். அரையிறுதியில் கோவாவை ரெண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று ஜெயித்தார்கள். வால்ஸ்கிஸ் 15 கோல், தங்கக் காலணி. இறுதிப் போட்டி 2020 மார்ச் 14, கோவாவில், கொரோனா காரணமாக ஆளே இல்லாத மைதானத்தில். ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள். அண்ணன் டிக்கெட்டுக்குச் சேர்த்து வைத்த காசில் ஊருக்கு பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

'மாத்தணும்' கட்சிக்காரர்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வேண்டாம். மனு எழுதின அன்றைக்கு இதைத்தான் நானும் எல்லாரிடமும் சொன்னேன். "கிரிகோரி போனாரு, கோய்ல் வந்தாரு, ஃபைனல்!" கையைத் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த ரெண்டாவது சார்ட்.

கோய்ல் அடுத்த வருடமே ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். வால்ஸ்கிஸும் அங்கேதான் போனார். சென்னையின் 2020-21-ல் சாபா லாஸ்லோ என்பவரை வைத்து எட்டாவது இடம். அவர் போனார். 2021-22-ல் போசிதார் பாண்டோவிச். அவரை சீசன் முடியும் முன்னாலேயே அனுப்பினார்கள். எட்டாவது இடம். 2022-23-ல் தாமஸ் பிரடாரிச். எட்டாவது இடம். மூன்று வருடம், மூன்று பயிற்சியாளர், மூன்று நாட்டுக்காரர், மூன்று தடவையும் எட்டு! எங்கள் வீட்டு பேனுக்கு ரெகுலேட்டர் மாற்றின மாதிரி. மூன்று தடவை மாற்றினார் அப்பா. கடைசியில் பார்த்தால் காயில் போயிருக்கிறது.

அப்புறம் யாரைக் கூப்பிட்டார்கள்? திரும்பவும் கோய்லையே. 2023-ல் வந்தார். இதில் இருந்து நான் அண்ணன் போனில் பார்த்திருக்கிறேன், எனக்கே தெரியும். 2023-24-ல் 22 ஆட்டம், 27 பாயிண்ட், ஆறாவது இடம். பிளே-ஆப் ஆடி கோவாவிடம் 2-1 தோல்வி. 'கோய்ல்னா கோய்ல்தாம்லே' என்று நாம் எல்லாரும் சொன்னோம். அடுத்தது 2024-25. 24 ஆட்டம். எத்தனை பாயிண்ட்? அதே 27! ஆனால் இந்தத் தடவை 13 அணியில் பதினொன்றாவது இடம். அதே வாயால் 'கோய்ல் போகணும்' என்றோம். ரெண்டு ஆட்டம் கூட ஆடியும் பாயிண்ட் கூடவில்லை, அது குறைதான். ஆனாலும் ஆறாவது இடத்து மேதையும் பதினொன்றாவது இடத்து மக்கும் ஒரே ஆள், ஒரே பாயிண்ட். ஒரு கட்சிக்கு சாட்சியாக இருந்தவரே அடுத்த கட்சிக்கும் சாட்சியாகிவிட்டார். 2025-ல் அவரும் கிளம்பிவிட்டார்.

அதே 2025-ல் செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐ.எஸ்.எல். லீக்கே அந்த மாதம் தொடங்கவில்லை. இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் அப்போது லீக்கை நடத்திய கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிகிற பிரச்சினை. பயிற்சியாளர் இருக்கணுமா போகணுமா என்று நாம் மாசக்கணக்கில் சண்டை போட்டோம். கடைசியில் அப்போது ஆடுவதற்கு ஆட்டமே இல்லாமல் போனது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், விட்டால் மறந்துவிடும். 2018-19-ல் சென்னையின் கடைசி இடத்தில் கிடந்த அதே மாதங்களில், இன்னொரு தமிழ்நாட்டு அணி, சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். நம்ம ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் அந்த அணியில். 2019 மார்ச்சில் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து வாங்கினார்கள். அண்ணன் ரூமில் இதை யாருமே கவனிக்கவில்லையாம்! கிரிகோரி சண்டையில் அவ்வளவு மும்முரம்.

வெளிநாட்டு உதாரணம் சொல்லாமல் கால்பந்துக் கட்டுரை எழுதினால் பத்தாம் வகுப்புப் பையன்கள் சிரிப்பார்கள். அதனால் சொல்கிறேன். 'மாஸ்டர் இருக்கணும்' கட்சிக்காரர்கள் எல்லாரும் வாயைத் திறந்தால் அலெக்ஸ் பெர்குசன் என்கிறார்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், மூன்று வருடம் ஒன்றும் இல்லை, 1989-ல் ரசிகர்களே போய்விடு என்று பேனர் பிடித்தார்கள், பொறுத்தார்கள், 1990-ல் எஃப்.ஏ. கோப்பை, அப்புறம் 13 லீக் பட்டம். உண்மைதான். ஆனால் எனக்கு இந்தக் கதை சலித்துவிட்டது. பொறுமையாக வைத்திருந்தும் உருப்படாத பயிற்சியாளர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை யாரும் மனப்பாடம் பண்ணுவதில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை. லாட்டரியில் விழுந்தவர் போட்டோ மட்டும்தான் கடையில் தொங்கும் என்று எங்கள் தாத்தா சொல்வார்கள்.

ராணியெரி கதைதான் கிரிகோரிக்குப் பக்கத்தில் வருகிறது. 2016-ல் லெஸ்டர் சிட்டி என்ற சின்ன அணியை பிரீமியர் லீக் சாம்பியன் ஆக்கினார். ஒன்பது மாதம் கழித்து 2017 பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றி இல்லாதவர்கள் என்று உலகமே திட்டியது. ஆனால் அங்கே ஒரு பயம் இருந்தது. கடைசி மூன்று இடத்தில் விழுந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அதனால் அவசரப்பட்டார்கள். அடுத்த ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என்று ஜெயித்து, சீசனை பன்னிரண்டாவது இடத்தில் முடித்தார்கள். சென்னையினுக்கு 2018-19-ல் அந்தப் பயமே கிடையாது. அந்தக் காலத்தில் ஐ.எஸ்.எல்-லில் கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருடம் அங்கேயேதான் ஆடினார்கள். அப்போது பொறுத்திருப்பதில் நஷ்டம் குறைவு. அதனால் அந்த சீசன் நடுவில் கிரிகோரியை அனுப்பாதது சரி என்பது என் கருத்து. 2019 நவம்பரில் அவர் போனதும் சரி. ரெண்டும் எப்படி சரியாகும் என்று கேட்பீர்கள். நேரம் வேறே. முதல் வருடம் ஆட்களுக்கு அடி, கோல் அடிக்கிறவன் கால் ஓடவில்லை, காரணம் சொல்ல இருந்தது. ரெண்டாவது வருடம் கேட்ட ஆட்கள் வந்தாச்சு, இருந்தும் நான்கு ஆட்டம் கோல் இல்லை. காரணம் தீர்ந்துபோச்சு.

ஆர்சனல் ரசிகர்கள் செய்ததுதான் உச்சம். 2017 மார்ச் 18, வெஸ்ட் பிராம் மைதானம். மேலே ஒரு விமானம் 'வெங்கர் வெளியே' என்று பேனரை இழுத்துக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் எதிர்க்கட்சி இன்னொரு விமானம் அனுப்பியது, 'வெங்கர் மேல் நம்பிக்கை இருக்கிறது' என்று! காசைப் பிரித்து விமானம் விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஆட்டத்தில் ஆர்சனல் 3-1 தோல்வி. நாம் கிரவுண்டில் ஆடும்போது வாகைக்குளத்தில் இருந்து கிளம்பி தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நல்லவேளை, நம்மிடம் இருந்தது ஒரு கோடு போட்ட தாள்தான்.

சரி, நம்ம மாஸ்டர். முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டருக்கு ஜால்ரா போடுகிறேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. எந்த ஆட்டத்திலும் பின்னால் இருந்து தூக்கி அடி, ஓடிப் பிடி, அவ்வளவுதான் பிளான். போன வருடம் முன்னால் ஓட ஒரு அண்ணன் இருந்தார், நூறு மீட்டரில் மாவட்ட அளவில் ஓடினவர். அவர் பிளஸ் டூ முடித்துப் போயாச்சு. இப்போதும் அதே தூக்கி அடிதான், பிடிக்க ஆள் இல்லை. 4-0 ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கின பிறகும் ஒரு சப் இறக்கவில்லை. கேட்டால் கோபம் வருகிறது. பதினொன்றாம் வகுப்புக்காரர்களை நம்புவதே இல்லை.

மறு பக்கம். அவருக்கு நம்ம பள்ளிக்கூடம் ஒரு பைசா கொடுப்பதில்லை, அவரும் கேட்டதில்லை. காலையில் உப்பளத்தில் வேலை. வெயில் ஏறும் முன்னால் முடிக்க வேண்டும் என்று விடியும் முன்னாலேயே போகிறவர், சாயங்காலம் நாலே முக்காலுக்கு சைக்கிளில் கிரவுண்டில் நிற்கிறார். காலில் உப்பு வெடிப்பு. அதோடு உடைமுள் பொறுக்குவார், நாம் வருவதற்கு முன்னால். பந்து பஞ்சர் ஆகாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று நீங்கள் எப்போதாவது யோசித்தீர்களா? நான் மனு கொடுத்த பிறகுதான் யோசித்தேன்.

மனு போன மறுநாள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வந்தார். சுண்ணாம்புப் பொடி எடுத்துக் கோடு போட்டார். நாங்கள் 13 பேரும் தலையைக் குனிந்து நின்றோம். "எவம்லே போட்டான்னு கேக்க மாட்டேன். நாளைக்கும் நாலே முக்காலு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியர் ஐயா அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? நான் ரெண்டு கட்சிக்காரர்களிடமும் ஒரே கேள்வி கேட்டேன். அவர் போனால் யார் வருவார்? 'இருக்கணும்' கட்சி சிரித்தது. 'மாத்தணும்' கட்சி ஒரு அண்ணன் பெயரைச் சொன்னது. நன்றாக ஆடுகிறவர், தூத்துக்குடியில் ஷிப்ட் வேலை. நானே போய்ப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம மட்டும்னா வாறேன்டே" என்றார். பி.டி. சார் ஒருத்தரே வாலிபால், கோகோ, ஓட்டம் எல்லாம் பார்க்கிறார்கள். ஆக, நம் முன்னால் இருப்பது பழைய மாஸ்டரா புது மாஸ்டரா என்ற கேள்வி இல்லை. வாரம் ஆறு நாள் வருகிற மாஸ்டரா, வாரம் ஒரு நாளா? மனுவில் இதை எழுதவே இல்லை. சென்னையின் கிரிகோரி போன ரெண்டு மூன்று நாளில் கோய்லைக் கொண்டு வந்தது. அதனால்தான் அது ஜெயித்த கதை. எட்டு, எட்டு, எட்டு என்று வந்த வருடங்களில் மாற்றினது மட்டும்தான் நடந்தது.

இதையெல்லாம் நம்ம கேப்டன் அண்ணனிடம் சொன்னேன். அவர் பன்னிரண்டாம் வகுப்பு. முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "நீ சொல்றதெல்லாம் சரிதான் மக்கா. ஆனா உனக்கு அடுத்த வருசம் இருக்கு. எனக்கு இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. கிளப்புக்கு அடுத்த சீசன் உண்டு, கோய்லுக்கு அடுத்த கிளப் உண்டு, ரசிகனுக்கு ஆயுசு பூராவும் உண்டு. பிளஸ் டூ அண்ணனுக்கு ஜனவரியில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து நடத்துகிற ஒரே ஒரு போட்டி. அவரிடம் போய் பொறுமை பொறுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெர்குசன் கதையை அவரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் தாத்தா சின்ன வயதில் முத்துக்குளிப்பு பார்த்தவர்கள். நம்ம கடலில் கடைசியாக நடந்தது 1961-ல். கீழே முங்குகிறவர் உயிர் மேலே படகில் கயிறு பிடிக்கிறவர் கையில். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம், தன் அக்கா தங்கச்சி தாலி என்பதால் விட மாட்டான் என்று. சென்னையின் ரசிகர்கள் தங்கள் சங்கத்துக்கு சூப்பர் மச்சான்ஸ் என்று பெயர் வைத்தது எதற்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் நமக்குப் பொருத்தமான பெயர். கயிறு பிடிக்கிறவர் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது, கீழே இருப்பவர் அசைக்கும் முன்னால் இழுக்கவும் கூடாது. தாத்தாவிடம் இந்த உவமையைச் சொன்னேன். "கீழ இருக்கவன் அசைக்கவே முடியாமப் போனா?" என்று கேட்டுவிட்டார்கள். அதனால் உவமை பாதிதான் பொருந்துகிறது.

இப்போது அந்த ஒன்பதாவது கையெழுத்து. 4-0 ஆட்டத்துக்கு முந்தின நாள் மாஸ்டர் பட்டியல் வாசித்தார். லெப்ட் பேக்கில் என் பெயர் இல்லை. மூன்று மாதம் காலையில் ஓடியிருக்கிறேன். வீட்டில் அம்மாவிடம் வேறு சொல்லிவிட்டேன், டீமில் இருக்கிறேன் என்று. அந்தக் கோபத்தில் போட்டதுதான். அணிக்காகவும் இல்லை, பள்ளிக்கூடத்துக்காகவும் இல்லை. கிரிகோரி, கோய்ல் எல்லாம் அதற்குப் பிறகு நான் தேடிக்கொண்ட காரணங்கள். மற்ற 12 பேரில் நியாயமான காரணத்தோடு போட்டவர்கள் இருக்கிறார்கள், கேப்டன் அண்ணனும் அதில் ஒருவர். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கையெழுத்தை மட்டும் அடித்துவிடும்படி தலைமையாசிரியர் ஐயாவை இதன் மூலம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு ஒரு கருத்து. மாஸ்டர் இந்த வருடம் முடியும் வரை இருக்கட்டும். ஆனால் ஜனவரிப் போட்டிக்கு கேப்டன் அண்ணனும் மாஸ்டரும் உட்கார்ந்து சேர்ந்து பட்டியல் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்ற அண்ணன் வந்து தரையில் பாஸ் ஆடச் சொல்லிக் கொடுக்கட்டும், தூக்கி அடி மட்டும் போதாது. இதை மாஸ்டரிடம் நேரில் சொன்னேன், மனு இல்லாமல். ரொம்ப நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையன் நல்லா ஆடுவாம்லா?" என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். வரச் சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு நம்ம கிரவுண்டில் ஒரு பிரண்ட்லி மேட்ச் இருக்கிறது. ரெண்டு கட்சிக்காரர்களும் வரலாம். பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப் ஊசி உடைந்துவிட்டது. யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்